சிங்கத்தின் பிறந்த வீடு

“அத்தே, சிங்கத்துல ஆம்பளதான ராசா? அப்பறம் ஏன் கறி கொண்டாறது பூராம் பொம்பளச் சிங்கமா இருக்கு?”

கேட்டது என் அண்ணன் மகள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அன்றைக்கு அண்ணி கடல்பாசி எடுக்கப் போயிருந்தாள். இராமேசுவரம் போகும் வழியில் இருக்கும் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையில் மீன் சேரும் பையை மடி என்போம். அந்த மடி கரையேற இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். ஏற்றிவைத்திருந்த வல்லத்தின் நிழலில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். முந்தின இரவு போனில் பார்த்த சிங்கப் படம் அவள் தலைக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சிங்கத்தைப் பற்றி இப்போதுதான் முதல்முறை படிக்க உட்கார்ந்தவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

சிங்கம் தனியாகத்தான் வரும் என்று ஊரில் இளவட்டங்கள் வீரமாகச் சொல்வதுண்டு. அந்தப் பேச்சு புலிக்குப் பொருந்தும், சிறுத்தைக்கும் பொருந்தும். அவை தனியே திரிந்து தனியே தின்று வாழ்பவை. குட்டியோடு இருக்கும் தாயைத் தவிர வேறு குடும்பம் என்று அவற்றுக்கு இல்லை. பெரிய பூனைகளில் கூட்டுக் குடும்பம் நடத்துவது சிங்கம் ஒன்றுதான். சிங்கம் தனியாக வந்தால், பெரும்பாலும் அது வீடு இழந்த சிங்கம் அல்லது இன்னும் வீடு கிடைக்காத சிங்கம்.

அந்தக் கூட்டுக் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள்? தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியில் 1966இல் ஜார்ஜ் ஷாலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிங்கங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பின்தொடரத் தொடங்கினார். 1978இல் கிரெய்க் பேக்கரும் ஆன் பியூசியும் அந்த வேலையைக் கையில் எடுத்துப் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். எந்தக் குட்டி எந்தத் தாய்க்குப் பிறந்தது, எந்த மகள் எங்கே போனாள் என்று குடும்ப அட்டை எழுதுவதுபோல் எழுதிவைத்தார்கள். அந்தப் பதிவுகளிலிருந்துதான் சிங்கக் குடும்பத்தின் உண்மையான உருவம் தெரியவந்தது.

ஒரு கூட்டத்தின் நடுத்தூண் பெண்கள். வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வளர்ந்த பெண் சிங்கங்கள் இருக்கும். சில கூட்டங்களில் இரண்டே இரண்டு, சிலவற்றில் பத்துக்கும் மேல். இவை எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவை இல்லை. பாட்டி, அம்மா, பெரியம்மா, சித்தி, அக்கா, தங்கை, மகள், பேத்தி என்று எல்லாம் ஒரே தாய்வழி. கூடவே அவற்றின் குட்டிகள். இவர்களோடு ஒன்றிலிருந்து நான்கு ஆண் சிங்கங்கள், அபூர்வமாக அதற்கு மேலும் இருக்கும். அந்த ஆண்கள் வெளியூர்க்காரர்கள்.

நம் ஊரில் பெண் பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். சிங்கத்தில் பெண்ணுக்குப் புகுந்த வீடு என்ற ஒன்றே கிடையாது. அம்மா எந்த ஓடையில் தண்ணீர் குடித்தாளோ, எந்த மர நிழலில் படுத்தாளோ, அதே ஓடை, அதே நிழல் மகளுக்கு. கீழக்கரைப் பக்கம் மகளுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு, வீடு பெண் பக்கம் நிற்பது என்றால் என்ன என்று சட்டெனப் பிடிபடும். அந்த ஒரு அளவில் மட்டும்தான் ஒப்புமை. மற்றதெல்லாம் காட்டின் கணக்கு.

பிழைத்து வளரும் பெண் குட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கூட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. வீட்டில் இடம் நெருக்கடியானால் மீதிப் பேர் வெளியேறுவார்கள். அப்படிப் போகும்போதும் ஒருத்தி தனியாகப் போவது குறைவு. அக்கா தங்கைகள், ஒரே பருவத்தில் பிறந்த சித்தி மகள், பெரியம்மா மகள் என்று சேர்ந்தே போய், பல நேரம் பழைய நிலத்துக்கு அடுத்தாற்போலவே புதுக் கூட்டம் தொடங்குகிறார்கள். சொத்துப் பிரித்துப் பக்கத்து மனையில் வீடு கட்டுகிற மாதிரிதான்.

அந்த நிலம் எவ்வளவு பெரியது என்பது இரையைப் பொறுத்தது. மானும் வரிக்குதிரையும் வருடம் முழுக்கக் கிடைக்கும் இடத்தில் 20 சதுர கிலோமீட்டர் போதும். நம் இராமேசுவரம் தீவைவிடச் சின்னது. வறண்ட நிலத்தில் 400 சதுர கிலோமீட்டருக்கு மேலும் தேவைப்படும். நிலத்தில் எல்லா இடமும் ஒரே விலை கிடையாது. இரண்டு ஓடைகள் கூடும் இடம் இருக்கிறதே, அதுதான் சிங்கத்துக்கு முதல் தரமான மனை. அங்கே வெயில் காலத்திலும் தண்ணீர் நிற்கும், தண்ணீருக்கு இரை வந்தே தீரும், பதுங்கப் புதர் இருக்கும், குட்டியை ஒளித்துவைக்கவும் இடம் இருக்கும். செரெங்கெட்டியில் அந்த மாதிரி இடத்தைக் கையில் வைத்திருக்கும் கூட்டத்தில்தான் குட்டிகள் அதிகம் பிழைத்து வளர்கின்றன.

படத்தில் காட்டுவதுபோல் மொத்தக் குடும்பமும் ஒரே மரத்தடியில் எப்போதும் படுத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் எத்தனையோ படகு இருக்கிறது. தடைக்காலத்தைத் தவிர எல்லாப் படகும் சேர்ந்து கரையில் நிற்கும் நாள் எத்தனை? ஒன்று பாக் நீரிணைப் பக்கம் போயிருக்கும், ஒன்று தீவுப் பக்கம் போயிருக்கும். ஆனாலும் எந்தப் படகு எந்த ஊர்ப் படகு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. சிங்கக் கூட்டமும் அப்படித்தான். இங்கே இரண்டு பேர், அங்கே மூன்று பேர், குட்டிக்காரிகள் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடப்பார்கள். சில நாள் கழித்துச் சேர்வார்கள். மறுபடி பிரிவார்கள்.

திரும்பச் சேரும்போது நடப்பதை முடிந்தால் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒன்று முனகிக்கொண்டே வரும். மற்றது தலையைத் தாழ்த்தி எழுந்து வரும். நெற்றியோடு நெற்றி, கன்னத்தோடு கன்னம் அழுத்தித் தேய்த்து, உடம்பைச் சாய்த்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறக்குறைய விழுகிற மாதிரி உரசிக்கொண்டு போகும். வால் மற்றதன் முதுகின்மேல் கிடக்கும். பிறகு இரண்டும் பொத்தென்று படுத்துவிடும். ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் சிங்கம் படுத்தும் தூங்கியும் கழிக்கிறது. அந்தத் தூக்கத்திலும் ஒன்றின் கால் மற்றதன் மேல் கிடப்பதைப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் சின்னவள் குறுக்கே வந்தாள். “யானையில பாட்டி யானை சொல்றதத்தான எல்லாரும் கேப்பாக? இதுலயும் பாட்டியா?” நல்ல கேள்வி. யானைக் கூட்டத்தை மூத்த பெண் நடத்துகிறாள். கழுதைப்புலிக் கூட்டத்தில் தாயின் அந்தஸ்து மகளுக்கு வந்து சேரும், மேலே கீழே என்ற படிக்கட்டு மிகக் கறாராக இருக்கும். சிங்கப் பெண்களிடம் அந்தப் படிக்கட்டு இல்லை. தலைவி என்று யாரும் கிடையாது. நீ குட்டி போடலாம், நீ போடக்கூடாது என்று சொல்ல ஆள் கிடையாது. கூட்டத்தில் உள்ள எல்லாப் பெண்களும் ஏறக்குறைய சமமாகக் குட்டி ஈனுகிறார்கள். சிங்கத்தைப் பற்றி நான் படித்ததில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைத்தது இதுதான். இவ்வளவு பல்லும் நகமும் உள்ள விலங்கு தன் அக்கா தங்கைகளை அடக்கி ஆளாமல் வாழ்கிறது. ஒவ்வொருத்தியிடமும் அதே பல்லும் நகமும் இருப்பதால், வம்புக்குப் போவது இரண்டு பக்கமும் ஆபத்து என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று.

இனி ஆண்களுக்கு வருவோம்.

ஆண் குட்டி இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேறியாக வேண்டும். பெரும்பாலும் புதிதாக வரும் ஆண்கள் விரட்டிவிடுவார்கள். அப்படி வெளியேறுகிறவன் தன்னோடு பிறந்தவர்கள், சித்தி, பெரியம்மா பையன்கள் யார் யார் இருக்கிறார்களோ அவர்களைச் சேர்த்துக்கொண்டு போவான். நம் பேச்சில் சொன்னால் பங்காளிகள் சேர்ந்து கிளம்புகிறார்கள். ஒன்றிரண்டு வருடம் பிறர் நிலத்து ஓரங்களில் மறைந்து திரிந்து, கிடைத்ததைத் தின்று, உடம்பையும் பிடரியையும் வளர்த்துக்கொள்வார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்த பெரிய கோஷ்டி என்றால் அவர்கள் இரத்த உறவாகத்தான் இருப்பார்கள். இரண்டு பேர், மூன்று பேர் என்றால் வழியில் சந்தித்த அந்நியனும் கூட்டாளி ஆவதுண்டு.

உறவில்லாத இரண்டு பேர் கூட்டாளி ஆனதற்கு ஜிம்பாப்வேயில் ஹ்வாங்கே தேசியப் பூங்காவில் இருந்த செசில் என்ற ஆண் சிங்கம் உதாரணம். 2015 ஜூலையில் வேட்டைக்காரர் ஒருவர் அதைக் கொன்றபோது உலகமே பேசியது. செசிலுக்கு ஜெரிக்கோ என்று ஒரு கூட்டாளி உண்டு. இரண்டும் இரத்த உறவு இல்லை. செசில் போனதும் ஜெரிக்கோ அதன் குட்டிகளைக் கொன்றுவிடும் என்று பலரும் பயந்தார்கள். ஜெரிக்கோ அப்படிச் செய்யவில்லை.

ஏன் அப்படிப் பயந்தார்கள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சின்னவளிடம் சொல்லலாமா என்று நான் ஒரு நிமிடம் தயங்கினேன். பிறகு சொன்னேன்.

ஒரு கூட்டத்தோடு சேர்ந்த ஆண்கள் அங்கே காலம் முழுக்க இருப்பதில்லை. வழக்கமாக இரண்டு மூன்று வருடம். அதற்குள் வலுவான வேறு ஆண்கள் வந்து சண்டையிட்டு அவர்களை விரட்டிவிடுவார்கள். தோற்றவன் காயத்தோடு ஓடுவான், அல்லது அங்கேயே சாவான். ஜெயித்து உள்ளே வரும் ஆண்கள், முன்னே இருந்தவனுக்குப் பிறந்த சின்னக் குட்டிகளைக் கொல்கிறார்கள். கொஞ்சம் வளர்ந்த குட்டிகளை விரட்டுகிறார்கள்.

காரணம் கொடூர புத்தி இல்லை. பால் குடிக்கும் குட்டி இருக்கும்வரை தாய் மறுபடி சினையாவதில்லை. ஒரு ஈற்றுக் குட்டிகள் ஆளாகி அடுத்த ஈற்று வர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். புதிதாக வந்தவனுக்குக் கிடைக்கப்போவதே இரண்டு மூன்று வருடம்தான். காத்திருந்தால் அவனுக்கு வாரிசு இல்லாமலே காலம் முடிந்துவிடும். குட்டி போய்விட்டால் தாய் சில நாள், சில வாரங்களில் மறுபடி இணைக்குத் தயாராகிறாள். செரெங்கெட்டியில் குட்டிச் சாவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இப்படி நடக்கிறது. பசி, கழுதைப்புலி, எருமையின் மிதி என்று மற்ற காரணங்களும் சேர்ந்துகொள்ள, பிறக்கும் குட்டிகளில் பாதிக்குமேல் இரண்டு வயதைக் காண்பதில்லை.

“அம்மாச் சிங்கம் பாத்துக்கிட்டா இருக்கும்?” என்றாள். கண் கலங்கிவிட்டது.

பார்த்துக்கொண்டு இருக்காது. தாய்கள் எதிர்த்து நிற்கிறார்கள், காயப்படுகிறார்கள், சிலர் சாகிறார்கள். ஆண் சிங்கம் பெண்ணைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பெண் 120, 130 கிலோ என்றால் ஆண் 180, 190 கிலோ இருப்பான். ஒருத்தி தனியாக எதிர்த்தால் தோற்பது ஏறக்குறைய உறுதி. இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாய்ந்தால் அவனே பின்வாங்கும் நேரமும் உண்டு. வளர்ந்த குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கூட்டத்தை விட்டே தள்ளிப் போய் மாதக்கணக்கில் திரியும் தாய்களும் இருக்கிறார்கள். புது ஆண்கள் வந்தபின் பெண்கள் அவர்களோடு இணை சேர்ந்தாலும் முதல் சில மாதம் சினைப்படுவதில்லை என்பதையும் பேக்கரும் பியூசியும் கண்டார்கள். இவன் நிலைத்து நிற்பானா, நாளைக்கே இன்னொருவன் வந்துவிடுவானா என்பது தெரியும்வரை பெண்ணின் உடம்பு பொறுத்துப் பார்க்கிறது என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆகவே ஆண் சிங்கம் சும்மா படுத்துச் சோறு தின்கிறது என்று சொல்வதும் சரியில்லை. அவன் வேலை வாசல் காவல். இரவில் எல்லை சுற்றுவது, மரத்திலும் புதரிலும் சிறுநீர் அடித்து வாசனை வைப்பது, கர்ஜிப்பது, வந்தவனோடு மோதுவது. அவன் இருக்கும் வரைதான் அவன் குட்டிகளுக்கு உயிர். அதனால்தான் எங்கோ ஒரு வேட்டைக்காரன் ஒரு ஆண் சிங்கத்தைச் சுட்டால், அதோடு அந்தக் கூட்டத்துக் குட்டிகளின் கணக்கும் சேர்ந்து போய்விடக்கூடும். ஆண்கள் மாறிக்கொண்டே இருப்பதில் இன்னொன்றும் இருக்கிறது. மகள்கள் குட்டி போடும் வயதுக்கு வரும்போது, ஏறக்குறைய நான்கு வயதில், அப்பன் பெரும்பாலும் அங்கே இருக்கமாட்டான்.

குட்டி பிறப்பைப் பற்றிச் சொன்னதும் சின்னவளின் முகம் தெளிந்தது. எனக்கும் அதைச் சொல்லத்தான் பிடிக்கும்.

சினைக்காலம் ஏறக்குறைய 110 நாள். நாள் நெருங்கியதும் தாய் கூட்டத்தை விட்டு விலகிப் புதருக்குள், பாறை இடுக்குக்குள் போய்விடும். ஒன்றிலிருந்து நான்கு குட்டி. ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ அளவில், கண் மூடியபடி, உடம்பெல்லாம் மங்கலான புள்ளியோடு பிறக்கும். சிங்கக் குட்டிக்குத் தமிழில் குருளை என்று அழகான பெயர் இருக்கிறது. அந்தக் குருளைகளை ஒரே இடத்தில் வைத்திருந்தால் வாசனை ஏறிக் கழுதைப்புலிக்குத் தெரிந்துவிடும். ஆகவே சில நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றும். எருமையின் குரல்வளையை நெரிக்கும் அதே வாயால் குட்டியின் பிடரித் தோலைக் கவ்விக்கொண்டு போகும். குட்டி காலை மடக்கி, வாலைச் சுருட்டி, அசையாமல் தொங்கும். ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுக்கத் திரும்பி வரும். நான்கு குட்டி என்றால் நான்கு நடை.

ஐந்தாறு வாரம் கழித்துக் குட்டிகளை நடத்திக் கூட்டத்துக்குக் கொண்டுவரும். இங்கேதான் சிங்கக் குடும்பத்தின் பெரிய அழகு இருக்கிறது. கூட்டத்தில் பல பெண்கள் ஏறக்குறைய ஒரே பருவத்தில் ஈன்றிருப்பார்கள். பழைய குட்டிகள் ஒரே நேரத்தில் போனதால் எல்லோரும் ஒரே நேரத்தில் சினையாவதும் இதற்கு ஒரு காரணம். அந்தத் தாய்கள் தங்கள் குட்டிகளை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். ஒருவகைப் பால்வாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி வேட்டைக்குப் போனால் இன்னொருத்தி குட்டிகளோடு இருப்பாள்.

எங்கள் தெருவில் பாசிக்குப் போகும் நாளில் இதே காட்சியைப் பார்க்கலாம். பெண்கள் விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, வல்லத்தில் ஏறிவிடுவார்கள். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரு வீட்டுத் திண்ணையில் இருக்கும். அன்றைக்கு யாரால் கடலுக்குப் போக முடியவில்லையோ அவள் எல்லோருக்கும் சோறு போடுவாள். சின்னவளும் அப்படித்தான் வளர்ந்தாள்.

சிங்கத்தில் சோற்றுக்குப் பதில் பால். ஒரு குட்டி தன் தாயிடம் மட்டுமே குடிப்பதில்லை, பக்கத்தில் படுத்திருக்கும் சித்தியிடமும் குடிக்கும். ஆனால் இதைத் தேனாகப் பூசிச் சொல்லக்கூடாது. தாய் தன் குட்டியை நன்றாக அடையாளம் காணும், முதல் உரிமை அதற்குத்தான். அடுத்தவள் குட்டிகள் பெரும்பாலும் அவள் தூங்கும்போது ஓசைப்படாமல் வந்து ஒட்டிக்கொள்ளும். விழித்துக்கொண்டால் உறுமித் தள்ளுவதும் உண்டு. நெருங்கிய சொந்தக்காரியின் குட்டி என்றால் பொறுமை கூடும். ஒரே குட்டி வைத்திருப்பவள், பால் மிச்சம் இருப்பதால், அதிகம் தாராளம் காட்டுவாள். மூன்று மாதத்தில் குட்டிகள் கறியைச் சுவைக்கத் தொடங்கும், ஏழெட்டு மாதத்தில் பால் நிற்கும், இரண்டு வயது வரைக்கும் வேட்டைக்கு அம்மாவையும் சித்திகளையும் நம்பித்தான் இருக்கும்.

இதற்குள் கரைவலையின் இரண்டு கயிறுகளும் பாதிக்குமேல் கரைக்கு வந்திருந்தன. இழுப்பவர்கள் அம்பாப் பாட்டைக் கொஞ்சம் வேகமாக்கினார்கள். இதைக் காட்டியே சின்னவளுக்கு வேட்டையைச் சொன்னேன். வலையின் இரண்டு கையும் இரு பக்கமாக மெல்ல நெருங்கி வரும். மீன் கைகளைக் கண்டு ஒதுங்கி ஒதுங்கி நடுவில் இருக்கும் மடிக்குள் போய்ச் சேரும். நமீபியாவின் எட்டோஷா சமவெளியில் பிலிப் ஸ்டாண்டர் என்ற ஆய்வாளர் பார்த்த சிங்க வேட்டையும் இப்படித்தான். சில பெண்கள் எப்போதும் ஓரங்களில் சுற்றிப் போய் இரையைக் கிளப்பிவிடுவார்கள். சிலர் நடுவில் தரையோடு தரையாகப் பதுங்கிக் காத்திருப்பார்கள். யார் ஓரம், யார் நடு என்பது ஒவ்வொருத்திக்கும் ஏறக்குறைய நிலையான இடம். கயிற்றில் முதல் ஆளாக நிற்பவர் தினமும் முதல் ஆளாகவே நிற்கிறாரே, அதுபோல.

அப்படியிருந்தும் சிங்கம் கூட்டமாக வாழ்வது வேட்டைக்காகத்தான் என்று முடிவுகட்டிவிட முடியாது. எல்லோரும் முதலில் சொல்லும் பதில் அதுதான். செரெங்கெட்டியில் தின்ற கணக்கை எடுத்துப் பார்த்தபோது, இரை குறைந்த காலத்தில் தனியாக வேட்டையாடிய பெண்ணுக்குக் கிடைத்த கறி, ஐந்தாறு பேர் கூட்டத்தில் ஒருத்திக்குக் கிடைத்ததற்குக் குறையவில்லை. வயிறு மட்டும்தான் காரணம் என்றால் சிங்கமும் புலி மாதிரிப் பிரிந்து போயிருக்கலாம். ஆண் சிங்கமும் வேட்டையாடத் தெரியாதவன் இல்லை. புதர் மண்டிய இடங்களில் பதுங்கியிருந்து அவனும் அடிக்கிறான்.

பிறகு எதற்குக் கூட்டம்? குட்டிக்கும் நிலத்துக்கும். உள்ளே நுழையும் ஆணிடமிருந்து குட்டியைக் காக்க ஒன்றுக்கு மேற்பட்ட தாய் வேண்டும். ஓடை கூடும் அந்த நல்ல மனையைப் பக்கத்துக் கூட்டத்துப் பெண்கள் பிடுங்கிவிடாமல் காக்க எண்ணிக்கை வேண்டும். பெண்களுக்கும் எல்லைச் சண்டை உண்டு, அதில் சாவும் உண்டு. பெரிய கூட்டம் சின்னக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருவது, நிலத்தகராறு பார்த்து வளர்ந்த நமக்குப் புதிதில்லை.

இதில் எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டிய ஒரு சோதனை உண்டு. கேரன் மெக்கோம்ப், பேக்கர், பியூசி மூவரும் 1994இல் அதை வெளியிட்டார்கள். சிங்கத்தின் கர்ஜனை 8 கிலோமீட்டர் வரை கேட்கும். பாம்பன் ரயில் பாலத்தைப் போல் நான்கை வரிசையாக வைத்தால் வரும் தூரம். ஆய்வாளர்கள் அந்நியப் பெண் சிங்கங்களின் கர்ஜனையைப் பதிவுசெய்து, ஒரு கூட்டத்தின் நிலத்துக்குள் ஒலிபெருக்கியை மறைத்துவைத்துப் போட்டார்கள். ஒரு குரல் மட்டும் கேட்டால் பெண்கள் எழுந்து அந்தத் திசைக்கு நடந்தார்கள். மூன்று குரல் சேர்ந்து கேட்டால் தயங்கினார்கள், தங்கள் ஆட்கள் அன்றைக்கு எத்தனை பேர் அங்கே இருக்கிறார்களோ அதைப் பொறுத்து நடந்தார்கள். ஆள் அதிகம் இருந்தால் போனார்கள். குறைவாக இருந்தால் சில நேரம் கர்ஜித்துத் தூரத்தில் இருந்த சொந்தங்களை அழைத்தார்கள். அதாவது சிங்கம் எண்ணிப் பார்க்கிறது. தன் கூட்டத்து ஆணின் குரலுக்கும் அந்நிய ஆணின் குரலுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியும். அந்நிய ஆண் குரல் கேட்டால் குட்டிக்காரிகள் கலவரப்பட்டுக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு விலகுகிறார்கள்.

இன்னொரு சோதனையில் தெரிந்தது இதைவிட நம் வீட்டுக்கு நெருக்கமானது. அந்நியக் குரலை நோக்கிப் போகும்போது சிலர் எப்போதும் முன்னே போகிறார்கள். சிலர் எப்போதும் பின்தங்கி, ஆபத்து தெரிந்தபின் வந்து சேர்கிறார்கள். முன்னே போகிறவள் நின்று நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். யார் பின்தங்குவாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தண்டிப்பதில்லை, ஒதுக்கிவைப்பதும் இல்லை. மறுநாள் இரண்டு பேரும் நெற்றி உரசிக்கொள்கிறார்கள்.

இரை விழுந்தபின் நடப்பதில் அந்த அன்பைத் தேடக்கூடாது. கரையில் மீன் ஏலம் முடிந்ததும் வலைக்கு ஒரு பங்கு, வல்லத்துக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரித்து, கறிக்கு மீன் என்று கையில் கொஞ்சமும் கொடுப்பார்கள். சிங்கத்தில் பங்கு பிரிக்க ஆள் இல்லை. பெரிய ஆண் வந்தால் பெரிய பாகம் அவனுக்கு. மற்றவர்கள் உறுமிக்கொண்டும் காதை மடக்கி அறைந்துகொண்டும் கிடைத்ததைத் தின்பார்கள். இரை சின்னது என்றால் குட்டிகள் பட்டினி. பஞ்சத்தில் தாயே குட்டிக்கு விடாமல் தின்பதுண்டு.

நம் நாட்டுச் சிங்கத்தைப் பற்றி ஒரு சொல். குஜராத்தின் கிர் காட்டிலும் அதைச் சுற்றிலும் 2025 கணக்கெடுப்பின்படி 891 சிங்கங்கள் இருக்கின்றன. அங்கே பெண்கள் சின்னக் கூட்டமாகத் தனியே இருக்கிறார்கள். ஆண்கள் வேறாக இருந்து, இணை சேரவும் பெரிய இரை விழும்போதும் மட்டும் வந்துபோகிறார்கள். கிர் காட்டில் பெரும்பாலும் கிடைப்பது புள்ளிமான் அளவுள்ள இரை. அதைப் பங்கிட்டுத் தின்னப் பெரிய கூட்டம் தாங்காது. அங்கே ஒரு பெண் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் கோஷ்டிகளோடு இணை சேர்வதையும் கண்டிருக்கிறார்கள். குட்டி யாருடையது என்று எந்த ஆணுக்கும் நிச்சயம் இல்லாததால், கொல்ல வருகிறவனும் தயங்குவான். அதே விலங்கு, நிலம் மாறியதும் வீட்டுக் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறது.

வலையின் மடி கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தண்ணீருக்குள் வெள்ளையாகத் துள்ளுவது தெரிந்தது. சின்னவள் எழுந்து பாவாடையைத் தட்டினாள். ஓடப்போகிறாள் என்று நினைத்தேன். நின்று கேட்டாள்.

“பொம்பளச் சிங்கத்துக்கு வயசாயிட்டா என்ன செய்வாக? வெரட்டிருவாகளா?”

எங்கள் வீட்டில் அப்பத்தா இருக்கிறது. இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆண் சிங்கம் காட்டில் பத்து, பன்னிரண்டு வயதைத் தாண்டுவது அரிது. பெண் பதினைந்து வயதையும் தாண்டுவாள். பதினான்கு வயதுவாக்கில் குட்டி ஈனுவது நின்றுபோகும். பல் தேயும், ஓட்டம் குறையும். அப்போதும் அவள் இருப்பது தான் பிறந்த நிலத்தில், மகள்களுக்கும் பேத்திகளுக்கும் நடுவில். அவர்கள் அடித்த இரையில் முட்டி மோதித்தான் அவளும் தின்ன வேண்டும். ஆனால் வயதாகிவிட்டது என்று கூட்டத்தை விட்டு விரட்டுவதில்லை.

“அப்ப அவுகளுக்கும் பங்கு உண்டு,” என்று சொல்லிவிட்டு மடியைப் பார்க்க ஓடினாள்.